சோப்பு நுரை சொன்ன சாட்சி

அத்தியாயம் 11

அய்யாவு நான்கு நாட்களாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். மருமகள் யோகேஸ்வரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது மாமனாருக்கு எப்படிச் சோறு இறங்கும் என்று மனைவி தனலெட்சுமியும் வற்புறுத்தவில்லை. சோறு இறங்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சனிக்கிழமை சிகாமட்டில் யோகேஸ்வரியின் அப்பா சபாபதி, கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்துக்கு மகளை அழைத்து விருந்து போட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அய்யாவின் மகன் ஜீவனும் அவளும் கோத்தா திங்கியில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஜீவனின் ஆசைக் கார் அது. பதினெட்டு வருடத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே கதவு, தரையை ஒட்டி ஓடும். ஆயர் ஈத்தாம் வருவதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டது. நீண்ட விடுமுறை வேறு. இரண்டு மணி நேரம் ஜேமில் கார் ஊர்ந்தது. கண்ணாடியை ஏற்றி ஏர்கோனைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலை வலிக்குது என்று கண்ணை மூடியவள் தூங்குகிறாள் என்றுதான் ஜீவன் நினைத்தான். எழுப்பினால் எழவில்லை.

காரின் எக்ஸோஸ் பைப் புகை ரத்தத்தில் கலந்திருக்கிறது என்றார் டாக்டர். ஜீவனுக்குத் தலைவலியோடு போயிற்று. தாய் தேறிவிடுவாள், பிள்ளையைப் பற்றி செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும் என்றும் சொன்னார். இன்று செவ்வாய்க்கிழமை.

அந்த எக்ஸோஸை இரண்டு மாதத்துக்கு முன்பு வீட்டுக் கார் போர்ச்சிலேயே மாற்றினார்கள். காரோடு வந்த பழைய பைப் சாதுவாக உறுமும். அது ஜீவனுக்குப் பிடிக்கவில்லை. நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு செகண்ட்ஹேண்ட் பைப் வாங்கி வந்தான். அதன் வாய் காரோடு பொருந்தவில்லை. வெட்டி, வேறு வாய் வைத்துப் பற்றவைக்க வேண்டும். கடையில் கொடுக்கிறேன் என்று அவன் சொன்னபோது அய்யாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"முப்பத்தோரு வருசம் மில்லுல பாய்லர் பைப்ப பத்த வச்ச கைடா இது. வீட்டுல வெல்டரு இருக்கும்போது எவனுக்கோ போய்க் காசு கொடுப்பியா?"

செம்பனை எண்ணெய் மில்லில் அய்யாவு வைத்த பற்று ஒழுகியதே இல்லை என்பார்கள். கிட்டத்தட்ட உண்மைதான். ஆனால் அது கண் தெரிந்த காலத்துக் கதை. போன வருடமே வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது. இடதும் மங்க ஆரம்பித்துவிட்டது. கண் டாக்டர் கொடுத்த ஆபரேஷன் தேதிச் சீட்டை மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸ் உறைக்குள் மடித்து வைத்தார். அந்தத் தேதி வந்து போய்விட்டது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. புள்ளி வைத்த இடத்தில் கோடு போட்டவர், ஒரு பார்வைக்குறைக்காகப் பிள்ளைகள் முன்னால் தடுமாறி நிற்பதா?

முன் இணைப்பை அவர் பற்றவைத்தார். பின் டயருக்குப் பக்கத்தில் இருந்த இணைப்பை ஜீவன் கிளாம்ப் வளையம் போட்டு நட்டை முறுக்கினான். பற்றுக்கோடு முழுசாக வந்திருக்கிறதா என்று அய்யாவுக்குத் தெரியவில்லை. தேநீர் கொண்டுவந்த யோகேஸ்வரியைக் கூப்பிட்டார். "பாரும்மா, கோடு சுத்திச் சேந்திருக்கா?" என்று பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி கேட்டார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா" என்றாள். பள்ளியில் கணக்குப் படித்த பெண்ணுக்குப் பற்றுக்கோட்டைப் பற்றி என்ன தெரியும்?

அவர் வைத்த பற்று, அவள் உட்காரும் இருக்கைக்கு நேர் கீழே இருந்தது.

*

காலை ஏழரை மணிக்குத் தனலெட்சுமி ஃபிளாஸ்க்கில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி மேசையில் சிந்தியது.

"என்னங்க."

"ம்."

"கண்ணாடிய ஏத்திக்கோன்னு நான்தான் போன்ல சொன்னேன். வயித்துப் புள்ளக்காரி, காத்து படக்கூடாது, மழைச் சாரல் பட்டுட்டா சளி புடிக்கும்னு. தொறந்து வச்சிருந்தா அந்தப் புகை வெளிய போயிருக்கும்ல?"

"நீ நல்லதுக்குத்தான சொன்ன."

"ஒரு மாசமாவே சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அந்தக் கார்ல போயிட்டு வந்தா தலை சுத்துது அத்தைன்னு. கண்ணு பட்டுருச்சுன்னு நான் உப்பு மொளகா சுத்திப் போட்டேன். டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சேன். தல சுத்துறது கார்லதான்னு அது சொல்லியும் எனக்கு ஒறைக்கல."

அவள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவள், தன் தப்பைப் புருஷனிடம் போட்டு உடைத்துவிட்டாள். பதிலுக்குச் சொல்ல அய்யாவுக்கும் ஒன்று இருந்தது. 

"அழாத. அழுது என்ன ஆவப் போவுது" என்றார்.

வெளியே ஜீவனின் போன் அடித்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டான். சபாபதியின் குரல் சன்னல் வழியாக உள்ளே வரைக்கும் கேட்டது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். சத்தம் போட மாட்டார். அளந்து பேசுவார். அளந்து பேசுகிறவர்களின் கோபம்தான் ஆளைச் சாய்க்கும்.

"மாப்ள, நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன். ஸ்கேன் என்ன சொன்னாலும் சரி, வீட்டுக்கு விட்டதும் எம்பொண்ண நான் சிகாமட்டுக்கு அழைச்சிட்டுப் போயிருவேன்."

"சரி மாமா."

"காரு மேல வச்ச ஆசையில பாதி எம்பொண்ணு மேல வச்சிருந்தா போதும். திருப்பி அனுப்புறதப் பத்தி இப்ப எங்கிட்ட கேக்காதீங்க."

"சரி மாமா."

இரண்டு 'சரி'க்கும் நடுவில் ஜீவனின் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியதை அய்யாவு பார்த்தார். மங்கிய கண்ணுக்குக்கூட அது தெரிந்தது.

*

காரைச் சனிக்கிழமை ஒரு இழுவை லாரி கொண்டுவந்து போர்ச்சில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. ஜீவன் ஜேக் வைத்துத் தூக்கி, நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்தான்.

"இப்ப எதுக்குடா இது?" என்றார் அய்யாவு.

"எங்க லீக்குன்னு பாக்கணும்பா. மாமா கேட்டா இந்த எடம்தான்னு சொல்லணும். தெரியலைன்னு சொல்லக்கூடாது."

"கடையில பாத்துக்கலாம்."

"கடைக்கு எப்படிக் கொண்டு போறது? அதுல ஏறி உக்காரவே முடியல என்னால."

வீட்டில் தூசி உறிஞ்சும் வேக்கூமின் பின்பக்க ஓட்டையில் குழாயை மாட்டினால் அது உறிஞ்சாது, ஊதும். குழாயின் மறுமுனையை எக்ஸோஸ் வாய்க்குள் விட்டு, சுற்றிலும் பழந்துணியை அடைத்தான் ஜீவன். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே போத்தலில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்தான். பைப்புக்குள் காற்று போகும். ஓட்டை இருக்கிற இடத்தில் சோப்பு நுரைக்கும். வேறு சாட்சி தேவையில்லை.

வேக்கூமைப் போட்ட நேரம், அவன் வேலை பார்க்கும் சிங்கப்பூர்க் கம்பெனியிலிருந்து போன் வந்தது. லீவு விஷயம். இந்த இரைச்சலில் பேச முடியாது என்று போத்தலை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வாசல் கேட்டுக்கு வெளியே போனான்.

அய்யாவு அட்டையை விரித்துப் படுத்துக் காருக்கடியில் நகர்ந்தார்.

முதலில் மகன் போட்ட கிளாம்பில் சோப்புத் தண்ணீரை அடித்தார். விரலால் தடவினார். சும்மா ஈரம். இறுக்கமாக, ஒழுங்காக முறுக்கியிருந்தான்.

பிறகு தன் பற்றுக்கு வந்தார். கீழ்ப்பக்கம் ஒன்றுமில்லை. கையை வளைத்து மேல்பக்கம் அடித்தார். அது தரைத் தகட்டைப் பார்த்தபடி இருக்கிற பக்கம். நல்ல கண்ணுக்கே எட்டாத இடம். விரலை வைத்தார்.

நுரை பொங்கிப் பொங்கி விரலில் உடைந்தது. விரல் நுனியில் காற்று சீறியது. நகக்கண் நீளத்துக்கு ஒரு பிளவு. பற்று அந்த இடத்தைத் தொடாமலே தாண்டிப் போயிருந்தது.

அவர் அப்படியே கிடந்தார். நான்கு நாட்களாக நினைத்துப் பயந்ததுதான். ஆனாலும் நினைப்பதும் விரலில் படுவதும் ஒன்றல்ல. நான்தான், நான்தான் என்று மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். 

கைக்குப் பக்கத்தில் ஸ்பேனர் கிடந்தது.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன நினைப்பான் என்பதை நியாயப்படுத்த முடியாது. நடந்ததைச் சொல்லலாம். ஜீவன் எப்படியும் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டிருக்கிறான், ஊரும் அவனைத்தான் சொல்கிறது, இனிமேல் புதிதாக அவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று அய்யாவு நினைத்தார். மெல்ல மகனின் கிளாம்புக்கு நகர்ந்து, ஸ்பேனரை வைத்து, நட்டை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினார். தன் பற்றில் இருந்த நுரையைச் சட்டையால் துடைத்தார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு வேலையை அவர் வேண்டுமென்றே கெடுத்தது அதுதான் முதல் தடவை.

ஜீவன் திரும்பி வந்தபோது அவர் வெளியே வந்து உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களாப்பா?"

"எனக்குச் சரியாப் புரியல. நீயே பாரு."

ஜீவன் பின்பக்கம் படுத்தான். போத்தல் இரண்டு தடவை சத்தம் போட்டது. பிறகு வேக்கூமின் இரைச்சல் மட்டும். ரொம்ப நேரம் அவன் வெளியே வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் சோப்புத் தண்ணீர்.

"என் கிளாம்புதான்பா" என்றான். "ஒழுங்கா முறுக்கினேன்னுதான் நெனச்சேன். ரெண்டு தடவை செக் பண்ணேன். லூசா இருக்கு."

முன் இணைப்பை அவன் பார்க்கவே இல்லை. அது அப்பா வைத்த பற்று. அதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்தான். முப்பது வயது ஆண்பிள்ளை, அடுத்த வீட்டுக்காரர் பார்ப்பார் என்றுகூட நினைக்காமல் அழுதான். அய்யாவு அவன் முதுகில் கை வைத்தார். அந்தக் கையில் சோப்பு இன்னும் காயவில்லை. இப்போது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

*

நாலு மணிக்கு என்றால் நாலு மணிக்கு சபாபதி ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார். யோகேஸ்வரியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். கூட யாரையும் விடவில்லை. மூன்று ஆண்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தனலெட்சுமி ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

 ஜீவன்தான் ஆரம்பித்தான்.

"மாமா, காலையில காரப் பாத்தேன். பின்னாடி கிளாம்பு லூசா இருந்துச்சு. நான்தான் மாட்டினேன். வேற யாரும் காரணமில்ல."

சபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க மறைக்காம சொன்னதுக்கு சந்தோசம் மாப்ள. ஆனா அத வச்சிக்கிட்டு நான் என்ன செய்யட்டும்? நீங்க கவனமான ஆளுன்னுதான் பொண்ணக் குடுத்தேன். ஒரு நட்ட முறுக்கத் தெரியாதவர நம்பி எப்படி எம்புள்ளைய அனுப்புறது?"

"அனுப்பச் சொல்லல மாமா. நீங்க அழைச்சிட்டுப் போங்க. எங்கிட்ட இருக்கறதவிட உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அய்யாவு மகன் பக்கம் திரும்பினார். இவன் தன் பெண்டாட்டியை விட்டுக் கொடுக்கிறான். பிள்ளை பிழைத்தால் அதையும் சேர்த்து விட்டுக் கொடுக்கிறான். ஒன்றரைச் சுற்றுத் தளர்த்திய ஒரு நட்டுக்காக.

"சம்பந்தி" என்றார்.

சபாபதி திரும்பினார்.

"அவன் முறுக்கினது சரியாத்தான் இருந்துச்சு. ஓட்ட இருந்தது நான் பத்த வச்ச எடத்துல. அது அந்தப் புள்ள உக்கார்ற எடத்துக்குக் கீழயே இருக்கு."

"என்னப்பா சொல்றீங்க?" என்றான் ஜீவன். "நான் பாத்தேனே. நுரை வந்துச்சே."

"நீ போன் பேசப் போனப்ப நான் பாத்துட்டேன். எம்பத்துலதான் வந்துச்சு. உன் கிளாம்ப நான் லூஸ் பண்ணேன். ஸ்பேனர் வச்சி."

தனலெட்சுமியின் மடியிலிருந்து ஃபிளாஸ்க் சரிந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். 

"முப்பது வருச வெல்டருன்னு சொன்னாங்களே சம்பந்தி உங்கள" என்றார் சபாபதி. குரல் முன்னைவிடத் தாழ்ந்திருந்தது.

"கண்ணு போயிருச்சு. ரெண்டு கண்ணுலயும் புரை. ஒரு வருசமாச்சு."

"கண்ணு தெரியாம எதுக்குப் பத்த வச்சீங்க?"

அய்யாவு தரையைப் பார்த்தார். தரை எங்கே முடிந்து சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான் காரணம். நான்கு நாட்களாக மனசுக்குள் எத்தனையோ காரணம் தேடிப் பார்த்தார். வெளியே வந்தபோது இந்த ஒன்றுதான் மிஞ்சியது.

சபாபதி எழுந்து சன்னல் வரைக்கும் போனார். திரும்பி வந்து ஜீவனின் தோளில் ஒரு நிமிடம் கை வைத்தார். ஆனால், "எம்பொண்ண நான் அழைச்சிட்டுத்தான் போவேன்" என்று மறுபடியும் சொன்னார்.

ஜீவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்துவான், கத்தட்டும் என்று அய்யாவு காத்திருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"பத்து சரியில்லாம போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றான் ஜீவன். "காலையில நான் அழுதப்ப நீங்க பக்கத்துலயேதான உக்காந்திருந்தீங்க? என் முதுகத் தடவிக்கிட்டு."

 ஜீவன் எழுந்து, மூன்று நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

அந்த நேரம் வார்டுக் கதவு திறந்தது. நர்ஸ் உடுப்பில் ஒரு மலாய் மிஸ்ஸி தலையை நீட்டினாள். ஸ்கேன் முடிந்து யோகேஸ்வரியைப் பின்வழியாகக் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். ஜீவன் பாய்ந்து எழுந்தான். மிஸ்ஸி கையைக் காட்டி நிறுத்தினாள். "பாப்பா மெர்த்துவா?" என்று மலாயில் கேட்டாள். மாமனார் யார் என்று.

"நானா?" என்றார் அய்யாவு.

ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டாராம். அவள் முதலில் மாமனாரிடம் பேச வேண்டும் என்கிறாளாம். அவர் மட்டும் வந்தால் போதும் என்றாளாம். புருஷன் வேண்டாமா, அப்பா வேண்டாமா என்று மிஸ்ஸியே இரண்டு தடவை கேட்டாளாம். வராந்தாவில் பேசியது உள்ளே கேட்டிருக்குமோ என்று அய்யாவுக்குத் திக்கென்றது. கதவு மெல்லிய பலகைதான்.

அவர் எழுந்தார். ஏழாம் நம்பர் கட்டில் என்றாள் மிஸ்ஸி. உள்ளே இரண்டு பக்கமும் வெள்ளைத் திரைகள், வெள்ளைச் சுவர், அதன் மேல் வெள்ளையாக ஏதோ எண்கள். கடந்த மூன்று நாளும் தனலெட்சுமியின் பின்னாலேயே நடந்து சமாளித்துவிட்டார். சத்துமாவு டின்னில் இருப்பதைப் படிப்பது போலவும், சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் பார்ப்பது போலவும் நடித்தே ஒரு வருடம் போய்விட்டது.

மகன் எழுந்து வந்து கையைப் பிடிப்பானா என்று ஒரு நொடி நின்றார். ஜீவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மாத்தா சாயா தா நம்பாக், மிஸ்ஸி" என்றார் அய்யாவு. பிறகு வராந்தாவில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழிலும் சொன்னார். "எனக்குக் கண்ணு தெரியாதும்மா. ஏழாம் நம்பர் எதுன்னு காட்டு."

மிஸ்ஸி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு அவர்களுக்குப் பின்னால் மூடியது. உள்ளே, ஏதோ ஒரு திரைக்குப் பின்னாலிருந்து, "மாமா, இங்க" என்று யோகேஸ்வரி கூப்பிட்டாள். அந்தக் குரலை வைத்து நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.